ஹியூ ஓவன் தாமஸ்

ஹியூ ஓவன் தாமஸ் (ஆகஸ்ட் 23, 1834 - ஜனவரி 6, 1891) வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். பரம்பரை எலும்பு முறிவு வைத்தியத்தை முறையான மருத்துவக் கல்வியுடன் இணைத்த இவர், பிரித்தானிய எலும்பியல் மருத்துவத்தின் தந்தை எனக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் வேல்சின் ஆங்கிள்சி தீவில் பிறந்தார். இவரது முன்னோர் பல தலைமுறைகளாக, முறிந்த எலும்புகளையும் பிசகிய மூட்டுகளையும் கையால் சரிசெய்து கட்டுப் போட்டு வந்தனர். தந்தை இவான் தாமஸ் லிவர்பூல் நகரில் இத்தொழிலைச் செய்தார். மருத்துவப் பட்டம் பெறாத அவர்மீது பலமுறை வழக்குத் தொடரப்பட்டது. எனினும் அவர் தம் ஐந்து மகன்களையும் மருத்துவம் பயில வைத்தார்.

ஹியூ எடின்பரோவிலும் லண்டனிலும் பயின்று 1857 இல் மருத்துவத் தகுதி பெற்றார். சிறிது காலம் தந்தையுடன் பணியாற்றியபின், லிவர்பூலில் தனியே மருத்துவம் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்தார். மருத்துவமனைப் பதவி எதையும் இவர் வகித்ததில்லை.

மருத்துவப் பங்களிப்பு

நோயுற்ற மூட்டுக்கு இடைவிடாத, நீண்ட ஓய்வு தேவை என்பது இவரது கொள்கை. இதனை விளக்கும் நூலை 1875 இல் வெளியிட்டார். முழங்கால் மூட்டுக் காசநோய்க்காக இவர் உருவாக்கிய சிம்பு, 'தாமஸ் சிம்பு' எனப்படுகிறது. தொடையின் மேற்பகுதியைச் சுற்றும் வளையமும், காலின் இருபுறமும் பாதத்தைத் தாண்டி நீளும் இரும்புக் கம்பிகளும் கொண்ட இது, காலை அசையவிடாமல் தாங்குகிறது.

இவர் வாழ்ந்த காலத்தில் இம்முறைகளை மருத்துவ உலகம் பெரிதும் பொருட்படுத்தவில்லை. இவரிடம் பயின்ற உறவினர் ராபர்ட் ஜோன்ஸ், முதலாம் உலகப் போரின்போது (1914-1918) இச்சிம்பின் பயன்பாட்டைப் பரவலாக்கினார். முறிந்த தொடையெலும்பை இழுத்து நிறுத்த இது உதவியதால், குருதிப்போக்கும் அதிர்ச்சியும் குறைந்து, காயமுற்ற வீரர்கள் பலர் உயிர் பிழைத்தனர். இடுப்பு மூட்டு மடங்கி இறுகியிருப்பதைக் கண்டறியும் 'தாமஸ் சோதனை'யும் இவர் பெயரால் வழங்குகிறது.