மருத்துவர் சுபாஷ் முகர்ஜி

திரேஸ்புரத்துச் சங்கு குளிக்கும் குடும்பங்களானாலும் செல்வர் இல்லங்களானாலும், மணமாகி ஈராண்டு கழிந்தும் தொட்டில் ஆடவில்லையெனில் முதற்கண் பழிக்கப்படுபவள் மருமகளே. குறை கணவனிடமும் இருக்கக்கூடும் என எண்ணுவோர் சிலரே. நபி ஜகரிய்யா (அலை) அவர்களின் துணைவியார் முதுமை வரை மகப்பேறின்றி இருந்தார்கள். அவர்களை மலடி என இழித்துரைக்க நம்மில் எவருக்கேனும் நா எழுமா?

இத்தகைய பெண்களுக்காக உழைத்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகிறேன். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். 1931இல் ஹஸாரிபாக்கில் பிறந்து, கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, 1967இல் எடின்பரோவில் ஆய்வுப்பட்டம் பெற்றுத் திரும்பியவர்.

கடலடியைக் காணக் கடலை இறைப்பதில்லை, மூழ்கிப் பார்க்கிறோம். அவ்வாறே, வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், தொப்புளருகே சிறு துளையிட்டு, வாயு நிரப்பி, லாப்ராஸ்கோப் என்னும் குழற்கருவியால் கருக்குழாய்களை நோக்கும் முறை உண்டு. கருப்பை வாய் வழியே நீலச்சாயம் செலுத்துவர். குழாய் நுனியில் அது வழியவில்லையேல் அடைப்பு எனத் தெளிவர். இங்கிலாந்தின் ஸ்டெப்டோ இக்கருவியாலேயே கருமுட்டையையும் எடுத்தார். அதன் பயனாக 1978 ஜூலை 25இல் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது.

முகர்ஜி அக்கருவியை நாடவில்லை. கருக்குழாய் பழுதுற்ற ஒரு மாதுக்கு ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்து, பிறப்பு வழியே சிறு கீறலிட்டு அவற்றை எடுத்தார். கணவரின் வித்தோடு சேர்த்து உருவான கருவை 53 நாட்கள் உறையவைத்து, பின்னரே கருப்பையில் இட்டார். 1978 அக்டோபர் 3இல் பெண் மகவு பிறந்தது, துர்கா எனப்பட்டது. இங்கிலாந்துக் குழந்தைக்குப் பின் 70 நாட்களே! (கணவன் மனைவிக்குள் மட்டும் என்னும் நிபந்தனையோடு, தேவையின்போது இத்தகைய சிகிச்சையை 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி அனுமதித்துள்ளது.)

பாராட்டு வந்ததா? இல்லை. மாநில அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்க மறுத்தது. ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தும் செல்ல அனுமதி கிட்டவில்லை. 1981 ஜூனில் கண் மருத்துவ நிலையத்திற்கு மாற்றினர். கருவை ஆராய்ந்தவருக்குக் கண்ணில் என்ன வேலை? அம்மாதம் 19ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அச்செயலை நம் மார்க்கம் ஒப்பாது. ஆயினும் அவரை அந்நிலைக்குத் தள்ளியோரை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது.

1986 ஆகஸ்டில் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதலாவது என நாடு கொண்டாடியது. அச்சாதனையில் பங்குகொண்ட விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமார், 1997இல் முகர்ஜியின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்தார். படித்தவர், தமக்குரியதாயிருந்த முதலிடம் முகர்ஜிக்கே உரியதென்று எழுதி வெளியிட்டார். அப்போது துர்காவுக்கு வயது 18.