சேர் ரொனால்ட் ரொஸ் (1857 – 1932)

மாணவர்களே, மலேரியா அனோபிலிஸ் நுளம்பினால் பரவுகிறது என ஒரே வரியில் விடை எழுதுகிறீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள உழைப்பை அறிந்துகொள்ளுங்கள்.

ரொனால்ட் ரொஸ் 1857 மே 13 இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தார். கவிதையிலும் கணிதத்திலும் நாட்டம் கொண்ட அவர், தந்தையின் விருப்பப்படி லண்டனில் மருத்துவம் கற்று, 1881 இல் இந்திய மருத்துவ சேவையில் இணைந்தார்.

1880 இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு வைத்தியர் லாவெரன், நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். ஆனால் அது பரவும் வழி தெரியவில்லை. நுளம்பைச் சோதிக்குமாறு பற்றிக் மான்சன் 1894 இல் ரொஸ்ஸைத் தூண்டினார். இந்தியா திரும்பிய ரொஸ், நுளம்புகளை ஒவ்வொன்றாக வெட்டி நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். அவர் முதலில் ஆராய்ந்தவை வேறு இன நுளம்புகள். எனவே பலமுறை தோல்வியே கிடைத்தது. 1897 ஓகஸ்ட் 20 இல், செகந்தராபாத்தில், அனோபிலிஸ் நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1898 இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது பரவுவதை நிறுவினார். மனித மலேரியாவின் வட்டத்தை அதே ஆண்டில் இத்தாலியில் கிராசி குழுவினர் காட்டினர். 1902 இல் ரொஸ்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இக்கண்டுபிடிப்பு ஏன் முக்கியமானது? மனித உடலினுள் இவ்வொட்டுண்ணி நிர்ப்பீடனத்தை ஏமாற்றுகிறது. முதலில் ஈரற் கலங்களிலும் பின்னர் செங்குழியங்களிலும் ஒளிந்துகொள்கிறது. பல்சிப்பாரம் இனம் செங்குழியத்தின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை வைத்துக் குருதிக்கலன் சுவரில் ஒட்டி, மண்ணீரலுக்குத் தப்புகிறது. அப்புரதத்துக்கு எதிராக உடல் பிறபொருளெதிரிகளை உருவாக்கும்போது, ஏறத்தாழ 60 பரம்பரையலகுகளுள் வேறொன்றைப் பயன்படுத்திப் புரதத்தை மாற்றிக்கொள்கிறது. இதனாலேயே தடுப்பூசி தயாரிப்பது கடினமாயிற்று. முதலாவது தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2021 இலேயே பரிந்துரைத்தது. ஆனால் நுளம்பைத் தடுத்தால் ஒட்டுண்ணியின் வட்டம் அறுந்துவிடும். ரொஸ் இதையே வலியுறுத்தி, சியரா லியோன், எகிப்து, மொரிசியஸ் ஆகிய நாடுகளுக்குச் சென்று, நுளம்பு பெருகும் நீர்நிலைகளை அகற்றும் திட்டங்களுக்கு வழிகாட்டினார். 1932 செப்ரெம்பர் 16 இல் லண்டனில் காலமானார்.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்று. இலங்கையில் 1963 இல் 17 மலேரியா நோயாளரே பதிவாகினர். கட்டுப்பாடு தளர்ந்ததும் அதே பத்தாண்டின் இறுதியில் நோய் மீண்டும் பெருகியது. தொடர் முயற்சியால் 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது.

நினைவிற் கொள்க
• ஒட்டுண்ணியைக் கண்டவர்: லாவெரன் (1880)
• நுளம்பில் கண்டவர்: ரொஸ் (1897)
• காவி: பெண் அனோபிலிஸ் நுளம்பு
• காரணம் கேட்டால்: ஒட்டுண்ணி கலங்களினுள் ஒளிந்தும் மேற்பரப்புப் புரதத்தை மாற்றியும் நிர்ப்பீடனத்துக்குத் தப்புகிறது.