பூனைக்குட்டியின் தந்தை

முதன்முதலாகப் பூனைக்குட்டி வளர்ப்போருக்கு நான் அபூஹுரைரா (ரழி) அவர்களின் வாழ்வையே சொல்வேன். யெமனின் தவ்ஸ் கோத்திரத்தவர். ஆடு மேய்த்த நாட்களில் குட்டியொன்றை இரவில் மரத்தில் வைப்பார். பகலில் கூடவே கொண்டுபோய் விளையாடுவார். பெயர் அப்படி வந்ததுதான். ஹிஜ்ரி 7இல் மதீனா வந்து, திண்ணைத் தோழர்களோடு பசியில் கிடந்தார். அறிவித்த ஹதீஸ்கள் 5374 என்பர். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தி அவற்றிலொன்று.

நாம் கட்டிவைப்பதில்லை. எட்டு வாரமாகுமுன்பே தாயிடமிருந்து பிரித்து, பசும்பால் வைத்து, வயிற்றோட்டம் கண்டதும் சந்தையில் விட்டுவிடுகிறோம். தாயற்ற குட்டிக்குப் பூனைக்குட்டிப் பால்மாவைக் கரைத்து, குப்புறப் படுத்தபடியே சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். குளிர் படக்கூடாது.

உமர் (ரழி) ஆட்சியில் அவர் பஹ்ரைனுக்கு ஆளுநரானார். அப்போதும் பூனைப்பெயர் மாறவில்லை.