ஏ.சி. என்ற இரண்டெழுத்துக்குச் சொந்தக்காரர்

நாம் எங்கே வேலைக்குப் போனாலும் ஏ.சி. டெக் பசங்கதான். அந்த ஏ.சி. குளிர்சாதனம் இல்லை, அழகப்பச் செட்டியார் என்பது முதல் வருடத்திலேயே சீனியர்கள் புண்ணியத்தில் தெரிந்துவிடும். அதற்கு மேல் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமலே பலர் பட்டம் வாங்கிப் போய்விடுகிறோம். அந்தக் குறை தீரவே இந்தச் சிறு கட்டுரை.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6ஆம் தேதி பிறந்தவர் அழகப்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். போன இடத்தில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்தார்! ஆனால் ஊர் திரும்பியவருடைய மனம் கோர்ட்டை விடத் தொழிலில்தான் போனது. கொச்சி சமஸ்தானத்தில் துணி ஆலை தொடங்கினார். ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்றும் அழகப்ப நகர் என்றே பெயர். பின்னாளில் ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார்.

1944ஆம் ஆண்டுக்கு வருவோம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நம் பக்கத்து வீடான கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் எல்லாம் இருந்தன. பருத்தியும் தோலும் நம் ஊரில் ஏராளம். ஆனால் ஆலைக்கு வேண்டிய இயந்திரங்கள் பெரும்பாலும் சீமையிலிருந்துதான் கப்பலில் வரணும். ஆலை நடத்தியவருக்கு இந்தக் கஷ்டம் தெரியாமலா இருக்கும்? தொழில்நுட்பக் கல்லூரிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். கெமிக்கல், டெக்ஸ்டைல், லெதர் என்று நம் கல்லூரி வளர்ந்தது அந்தப் பணத்தில் போட்ட அஸ்திவாரத்தில்தான். அப்போது அவருக்கு வயது 35. அந்த வயதில் நம்மில் பலருக்கு வீட்டுக் கடன் தவணையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

அதோடு நின்றாரா? 1947 ஜூலை 3ஆம் தேதி, சென்னையில் அன்னிபெசன்ட் நூற்றாண்டு விழா. கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டார். கூட்டத்திலேயே ஒரு லட்சம் தருவதாக அறிவித்தார் அழகப்பர். ஆகஸ்ட் 11ஆம் தேதி காரைக்குடியில் கலைக்கல்லூரி தொடங்கியாச்சு. இடையில் நாற்பது நாள்கூட இல்லை! மின்வேதியியல் ஆய்வகம் நம் பக்கம் வரணும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. பெண்கள் கல்லூரிக்காகத் தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டார்.

1957 ஏப்ரல் 5ஆம் தேதி காலமானார். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். வயதான பிறகு, மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தால் நமக்கு இந்தக் கல்லூரி இருந்திருக்குமா?

1978இல் நம் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அவர் பெயர் மட்டும் மாறவில்லை. மாணவத் தம்பி தங்கைகளே, அடுத்த முறை ஏ.சி. டெக் என்று சொல்லும்போது அவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். என் வயதுக்கார நண்பர்களே, மெஸ் பில் கட்டத் திண்டாடும் ஜூனியர் ஒருவன் இப்போதும் ஹாஸ்டலில் இருப்பான். அவனுக்குச் செய்ய வேண்டியதை இந்த வருடமே செய்வோம். ரிடையர் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.