காற்று கெடுத்த பரிசோதனை: மோசஸ் காம்பர்க்

மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்குப் போன நம்ம கெமிஸ்ட்ரி செட் நண்பர்களுக்குக் கார்பன் மோனாக்சைடு என்றாலே ஒரு பயம் உண்டு. நிறமில்லை, வாசனையில்லை, ஆளைச் சாய்த்துவிடும். மணலி உரத் தொழிற்சாலையில் முன்பு நாஃப்தாவிலிருந்தும், 2019 முதல் இயற்கை எரிவாயுவிலிருந்தும் ஹைட்ரஜன் எடுக்கும்போது கூடவே வரும் வாயு இது. பெரும்பகுதியைக் கரியமில வாயுவாக்கி யூரியாவுக்கு அனுப்புவார்கள். மிச்சம் மீதி தங்கினால் அம்மோனியா கன்வெர்ட்டரின் வினையூக்கி கெட்டுப்போகும். இந்த விஷ வாயுவையே ஒரு கார்பனாக எடுத்துப் புது மூலக்கூறு கட்டலாம். அதற்கு ஒரு வழி ஃப்ரீ ரேடிக்கல். அந்தக் கதவைத் திறந்தவர் மோசஸ் காம்பர்க்.

1866-இல் ரஷ்யப் பேரரசின் எலிசவெத்கிராத் ஊரில் பிறந்தார். இன்று அது உக்ரைனில் இருக்கிறது. ஜார் மன்னருக்கு எதிராகச் சதி என்று அப்பா மீது குற்றச்சாட்டு வர, 1884-இல் குடும்பம் சிகாகோவுக்குத் தப்பியது. அங்கே நம்மூர் ஆடுதொட்டி மாதிரியான இடத்தில் கூலி வேலை. அப்படிப் பிழைத்துக்கொண்டே படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1894-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1900-இல் அவர் செய்யப் பார்த்தது ஹெக்ஸாஃபீனைல் ஈத்தேன். குளோரைடிலிருந்து வெள்ளியைக் கொண்டு குளோரினைப் பிடுங்கினார். வெள்ளைப் படிகம் கிடைத்தது. ஆனால் கார்பன் 94 சதவீதம் இருக்க வேண்டியது 88-தான் வந்தது! நாமாக இருந்தால் ரெக்கார்டு நோட்டில் 94 என்றே எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்போம். அவர் திரும்பத் திரும்பச் செய்தார். குறைந்த 6 சதவீதம் ஆக்சிஜன் என்று பிடிபட்டது. கரியமில வாயுவைச் சூழவிட்டுக் காற்றுப் படாமல் செய்தபோது மஞ்சள் கரைசல் வந்தது. காற்றுப் பட்டதும் நிறம் போய், அதே வெள்ளைப் பெராக்சைடு படிந்தது. நாலு கை உள்ள கார்பன் மூணு கையை மட்டும் கொடுத்து, ஒன்றைச் சும்மா வைத்திருக்கிறது என்றார். பல பேர் வருஷக்கணக்கில் நம்பவில்லை. ஒரு விஷயம்: இரண்டு ரேடிக்கல் சேர்ந்தால் வருவது ஹெக்ஸாஃபீனைல் ஈத்தேன் என்று அவர் நினைத்தது தப்பு என 1968-இல்தான் தெரிந்தது. ரேடிக்கல் மட்டும் நிஜம்.

முதல் உலகப்போரில் கடுகு வாயு தயாரிப்பு ஆராய்ச்சியும் அவர் தலையில் விழுந்தது. 1931-இல் அமெரிக்க கெமிக்கல் சொசைட்டித் தலைவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கையோடுதான் வாழ்ந்தார். 1947-இல் காலமானார்.

ரேடிக்கலும் எத்திலீனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து பாலிமர் ஆவதை டூபாண்ட் ஆட்கள் வெளியிட்டது 1952-இல். பிறகு 1990-இல் ஜப்பானின் ஒசாகாவில் ரியூவும் சொனோடாவும், அழுத்தம் கொடுத்தால் ரேடிக்கல் இந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு ஆல்டிஹைடு ஆகும் என்று காட்டினார்கள். அழுத்தம் குறைந்தால் பிடித்ததை விட்டுவிடும்.