பெயரிட்ட பேரறிஞர்

சுவீடன் நாட்டின் தென்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் 1707-ஆம் ஆண்டு கார்ல் லின்னேயஸ் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு சமயகுரு, செடிகொடிகளிடத்துப் பெருவிருப்பமுடையவர். அவர் வளர்த்த தோட்டமே மைந்தருக்கு முதற் பள்ளியாயிற்று. பின்னர் லின்னேயஸ் வறுமையோடு போராடி உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1741-ல் அங்கேயே பேராசிரியரானார்.

அக்காலத்தில் ஒரு செடியின் பெயர் நீண்ட சொற்றொடராக இருந்தது. ஒருவர் குறித்த செடியை மற்றொருவர் அறிவது அரிதாயிற்று. இவ்விடரைக் களைய, பேரினத்திற்கு ஒன்றும் சிற்றினத்திற்கு ஒன்றுமாக இரு சொற்களால் பெயரிடும் முறையை அவர் நிலைநாட்டினார். 1753-ல் தாவரங்களுக்கும், 1758-ல் விலங்குகளுக்கும் அம்முறைப்படி நூல் வெளியிட்டார்.

பூச்சிகளை விலங்குகளோடும், காளான்களைத் தாவரங்களோடும் அவர் சேர்த்திருந்தார். பிற்கால அறிஞர்கள் அவ்விரு நூல்களையும் தொடக்கமாகக் கொண்டு, விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் தனித்தனியே பெயரிடும் விதிகளை வகுத்தனர். விலங்குப் பேரினங்கள் இரண்டிற்கு ஒரே பெயர் வழங்குதல் கூடாது, தாவரங்களுக்கும் அவ்வாறே. ஆயினும் விலங்கின் பெயரைத் தாவரத்திற்கு இடுதற்குத் தடையில்லை. ஆதலின், 1897-ல் ஒரு செதிற்பூச்சிப் பேரினத்திற்கு இடப்பட்ட மார்கனெல்லா என்னும் பெயரே, 1948-ல் பந்து வடிவான ஒரு காளானுக்கும் இடப்பட்டது. இரண்டிற்கும் யாதொரு உறவும் இல்லை.

காளான் தாவரம் அன்று என்பது இன்று தெளிவாகிவிட்டது. எனினும், அதற்குப் பெயரிடும் விதிகள் இன்றும் தாவரங்களின் விதிகளோடே உள்ளன. லின்னேயஸ் 1778-ல் மறைந்தார். அவர் வகுத்த பிரிவோ இன்றும் பெயர்களில் வாழ்கிறது. மாணவர்களே! பெயரைக் கற்பதோடு அமையாது, அது குறிக்கும் உயிர் எதுவெனவும் ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.