பனிமலையில் டாங்கி ஏத்தின குடகுக்காரர்

மார்கழி மாசம் அதிகாலை நாலரை மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்காக நின்னிருக்கீங்களா? டீக்கடை பாய்லரைச் சுத்தி ஒரு கூட்டம் இருக்கும். ஆளுக்கொரு மஃப்ளர், மங்கி கேப். டீ கிளாஸைக் குடிக்கிறதுக்காகப் பிடிச்சிருக்காங்களா, உள்ளங்கை சூடாகட்டும்னு பிடிச்சிருக்காங்களான்னே தெரியாது. மொபைலை எடுத்துப் பார்த்தால் 20 டிகிரின்னு காட்டும். அதுவும் பிளஸ் 20!

நம்ம ஊர்க் குளிர் அவ்வளவுதான். இப்படிப்பட்ட தென்னாட்டுப் பசங்களைக் கூட்டிட்டுப் போய், 11,500 அடி உயரத்தில், பனி கொட்டுற மலையில, பாறையை உடைச்சு ரோடு போடச் சொன்னால் எப்படி இருக்கும்? 1948-ல் அது நிஜமாகவே நடந்தது. அந்த ரோட்டில் டாங்கியை ஏற்றிக் காட்டியவர் ஜெனரல் திம்மையா. ஸ்கூல் புத்தகத்தில் பெயர் மட்டும் வந்து போகும் மனிதர்களில் ஒருவர். அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் படித்தபோது எனக்குள்ள இருந்த ஒரு எண்ணம் மாறிப்போச்சு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ரெண்டு ஹாக்கி ஊர்

2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் நம்ம மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் நடந்தபோது நமக்கெல்லாம் திடீர்னு ஹாக்கி ஆசை வந்தது. ஆனால் குடகில் அந்த ஆசை பரம்பரைச் சொத்து. கர்நாடகாவில் அது ஒரு சின்ன மாவட்டம். எம்.பி.கணேஷ், பி.பி.கோவிந்தா, எம்.எம்.சோமையா என்று இந்திய அணிக்கு வரிசையாக ஆட்களைக் கொடுத்த மண். 1997-லிருந்து அங்கே குடும்பத்துக்கு ஒரு அணி என்று ஒரு போட்டி நடக்கிறது. தாத்தாவும் பேரனும் ஒரே டீமில் ஆடலாம்.

இன்னொரு ஹாக்கி ஊர் லடாக். அங்கே குளம் உறைஞ்சதும் ஐஸ் ஹாக்கி ஆரம்பமாகிவிடும். லே, கார்கில், திராஸ் எல்லா இடத்திலும் குளிர்காலம் என்றாலே இதுதான் விளையாட்டு. திராஸில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 20, சில சமயம் அதற்கும் கீழே போகும்.

குடகில் பிறந்து, அந்த லடாக் இந்தியாவின் கையை விட்டுப் போகாமல் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர்தான் திம்மையா.

குன்னூர் முதல் குவெட்டா வரை

கோடந்தேர சுப்பையா திம்மையா 1906 மார்ச் 31-ஆம் தேதி மடிக்கேரியில் பிறந்தார். காபித் தோட்டக் குடும்பம். சின்ன வயசிலேயே நம்ம நீலகிரிக்கு, குன்னூர் செயின்ட் ஜோசப்ஸ் பள்ளிக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பெங்களூர், டேராடூன் ராணுவக் கல்லூரி, இங்கிலாந்தில் சாண்ட்ஹர்ஸ்ட். 1926-ல் ராணுவ அதிகாரி ஆனார். அப்போது ராணுவத்தில் அதிகாரி என்றால் பெரும்பாலும் வெள்ளைக்காரர்தான்.

1935-ல் நீனாவைத் திருமணம் செய்துகொண்டார். அந்த வருஷமே மே 31-ஆம் தேதி குவெட்டாவில் பெரிய நிலநடுக்கம். பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அங்கே இருந்த புதுமணத் தம்பதி இருவரும் மீட்பு வேலையில் இறங்கினார்கள். நீனாவின் சேவைக்கு அரசு பதக்கமும் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஒரு காலாட்படைப் பிரிகேடுக்குப் போர்க்களத்தில் தலைமை தாங்கினார் திம்மையா. அந்தப் போரில் அப்படித் தலைமை தாங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

லே தனித்துப்போன வருஷம்

1947 அக்டோபரில் காஷ்மீர் போர் ஆரம்பித்தது. லடாக்கைக் காப்பாற்றவும் ஆட்கள் வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் பாதையில் சோஜிலா கணவாய் இருக்கிறது. குளிர்காலத்தில் அது பனியால் மூடிவிடும், பனிச்சரிவு எப்போ வரும்னு சொல்ல முடியாது. இருந்தும் 1948 பிப்ரவரியில் லாஹூல் பகுதியைச் சேர்ந்த கேப்டன் பிரிதி சந்த் தலைமையில் சுமார் 40 பேர் துப்பாக்கிகளைச் சுமந்துகொண்டு நடந்தே அந்தக் கணவாயைத் தாண்டினார்கள். மார்ச் மாதம் லே போய்ச் சேர்ந்தார்கள். பிரிதி சந்த் மலைநாட்டுக்காரர், பனியைப் படிக்கத் தெரிந்தவர்.

அந்தக் குழுவோடு போனவர் சோனம் நோர்பு. லடாக்கின் சிவில் இன்ஜினியர். (நம்ம டிபார்ட்மெண்ட் ஆட்கள் இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.) உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு சிந்து நதிக்கரையில் ஒரு விமான ஓடுதளத்தைச் சில வாரங்களில் அமைத்தார். பெரிய மெஷின் எதுவும் இல்லை, எல்லாம் கை வேலை.

மே மாதம் காஷ்மீர் பக்கத்துப் படைப்பிரிவுக்குத் தலைவராக திம்மையா வந்தார். அந்த ஓடுதளத்தில் விமானம் இறங்குமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மே 24-ஆம் தேதி விமானப்படையின் மெஹர் சிங் ஒரு டக்கோட்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த விமானத்தில் கேபின் பிரஷர் கிடையாது, இறக்கையில் படியும் பனியை நீக்கும் வசதியும் கிடையாது. 23,000 அடிக்கு மேலே பறந்து மலைகளைத் தாண்ட வேண்டும். திம்மையா அதில் பயணியாக ஏறி உட்கார்ந்தார். பின்னால் அனுப்பப்போகும் சிப்பாய்களுக்கு முன்னால் தானே போய்ப் பார்த்தார். விமானம் லேயில் பத்திரமாக இறங்கியது.

ஆனால் மே முதல் ஜூலைக்குள் கார்கில், திராஸ், சோஜிலா மூன்றும் எதிரி கைக்குப் போய்விட்டன. ஸ்ரீநகரிலிருந்து லேக்கு இருந்த தரைவழி அடைபட்டது. செப்டம்பரில் சோஜிலாவைப் பிடிக்கப் போன இந்தியத் தாக்குதல் தோற்றது. பாறைக் குகைகளுக்குள் மெஷின் கன் வைத்து எதிரி உட்கார்ந்திருந்தால், கீழேயிருந்து ஏறிப்போகிற காலாட்படை என்ன செய்ய முடியும்?

அங்கே இன்னொரு எதிரியும் காத்திருந்தது. நவம்பர் தாண்டினால் கணவாய் மூடிவிடும். அடுத்த கோடை வரைக்கும் லே தாங்குமா என்பது பெரிய கேள்விக்குறி.

தம்பிகள் போட்ட ரோடு

டாங்கியை மேலே ஏற்றுவது என்று முடிவானது. கேட்டவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். ஸ்டூவர்ட் டாங்கி ஒன்றின் எடை சுமார் 15 டன். பால்தாலிலிருந்து சோஜிலா வரை இருந்தது கோவேறு கழுதை போகிற பாதை. கொஞ்ச தூரத்துக்குள் சுமார் 2,000 அடி ஏற வேண்டும்.

அந்தப் பாதையை டாங்கி போகிற ரோடாக மாற்றும் வேலை மெட்ராஸ் சாப்பர்ஸிடம் வந்தது. 1780-ல் தொடங்கின பொறியாளர் படை. இன்றும் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா, கர்நாடகா பசங்கதான் அதில் அதிகம். ராணுவத்தில் அவர்களைச் செல்லமாக அழைக்கும் பெயரே 'தம்பி'தான். மேஜர் தங்கராஜு தலைமையில் அவர்கள் இறங்கினார்கள். வெடிவைத்துப் பாறையை உடைத்து, பாதையின் ஓரங்களை வெட்டி அகலப்படுத்தினார்கள். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், மேலே எதிரியின் துப்பாக்கி. சில வாரங்களில், அக்டோபர் முடியறதுக்குள்ள ரோடு தயார்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நாலு தடவை கடப்பாரையைப் போட்டாலே மூச்சு வாங்கும். வேலை செய்தால் வியர்க்கும், நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நனைந்த சாக்ஸை மாற்றாமல் விட்டால் கால்விரலில் ரத்த ஓட்டம் குறைந்து, மரத்துப்போய், கடைசியில் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உறைந்த இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினுக்கும் இதே கதைதான். ஆயில் கெட்டியாகும், பேட்டரி சோர்ந்துபோகும், ஆக்சிஜன் குறைவதால் பவரும் குறையும். பனிக்கால உடுப்பு போதுமான அளவு இல்லாத நிலையில் அந்தத் தம்பிகள் வேலை செய்தார்கள்.

இன்னொரு பக்கம் ராஜிந்தர் சிங் ஸ்பேரோ தலைமையிலான 7-வது லைட் கேவல்ரியின் டாங்கிகள் ஜம்மு பக்கத்திலிருந்து ரகசியமாகக் கிளம்பின. டாங்கி என்று தெரியக்கூடாது என்பதற்காக மேல்பகுதியில் சுழலும் பீரங்கிக் கூண்டைத் தனியாகக் கழற்றி, எல்லாவற்றையும் மூடிக் கொண்டுவந்தார்கள். ஸ்ரீநகரைக் கடக்கும்போது ஊரடங்கு போட்டார்கள். வழியில் பாலங்களைப் பலப்படுத்தினார்கள். பனிப்பொழிவால் தாக்குதல் தேதி தள்ளித் தள்ளிப் போய் கடைசியில் நவம்பர் 1 என்று வந்தது.

அன்றைக்கு டாங்கிகள் சோஜிலாவைத் தாண்டி உள்ளே நுழைந்தன. முன்னால் போன டாங்கியில் மேஜர் ஜெனரல் திம்மையா இருந்தார். ஒரு டிவிஷன் தளபதி போர்க்களத்தில் முதல் டாங்கியில் போகத் தேவையே இல்லை. எதிரிக்கு அந்த உயரத்தில் டாங்கி வரும் என்று கனவிலும் தோன்றியிருக்காது. குகைகளை நோக்கி டாங்கிகள் சுட, காலாட்படை முன்னேறியது. கணவாய் கைக்கு வந்தது. அதுவரை உலகத்தில் அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் போரிட்டதே இல்லை.

நவம்பர் நடுவில் திராஸ், 24-ஆம் தேதிக்குள் கார்கில். லேக்கு வழி திறந்தது. 1949 ஜனவரி 1 போர் நிறுத்தம். நடுவில் இருந்தது ஒன்றரை மாதம் கூட இல்லை. ரோடு வேலை கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அந்த வருஷம் பனி முந்தியிருக்கும்.

கொரியாவின் குளிரும் மெட்ராஸ் துறைமுகமும்

1953-ல் கொரியப் போர் நின்றபோது ஒரு சிக்கல். சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்று சொன்ன 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளை யார் பார்த்துக்கொள்வது? ஐந்து நாடுகள் சேர்ந்த நடுநிலை ஆணையத்துக்குத் தலைவராக திம்மையா போனார். காவலுக்கு இந்தியப் படை. மறுபடியும் உறைபனிக் குளிர்காலம், கூடாரங்களில் வாழ்க்கை. இந்த முறை வேலை சண்டை போடுவது இல்லை, இரண்டு பக்கமும் சந்தேகப்படும்போது பொறுமையாக நடுவில் நிற்பது. கடைசியில் எந்தப் பக்கமும் போக விரும்பாத 88 கைதிகள் இந்தியப் படையோடு கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கினார்கள். 1954-ல் திம்மையாவுக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

அவர் போன பிறகு

1957 மே மாதம் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போகவில்லை. 1959-ல் ராஜினாமா கடிதம் கொடுத்தார், நேரு பேசியதும் திரும்பப் பெற்றார். அதற்காக அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. 1961 மே மாதம் ஓய்வு பெற்றார்.

அடுத்த வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் போர். இமயமலையின் உயரங்களுக்கு அனுப்பப்பட்ட நம்ம சிப்பாய்களில் பலர் பருத்தி உடுப்பும் கேன்வாஸ் ஷூவுமாக நின்றார்கள். அவர்கள் தைரியத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கம்பளி உடுப்பும் பூட்ஸும் ரோடும் அவர்களுக்கு முன்னால் போய்ச் சேரவில்லை.

குளிரைத் தாங்குவது மனதைரியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ரெண்டு வருஷங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்பதான் அது மாறிப்போச்சு. 1948-லும் உடுப்பு பத்தவில்லை, ஆனால் பனி வருவதற்கு முன்னால் ஒரு ரோடு போடப்பட்டது. லடாக் மக்கள் காலங்காலமாகச் செய்வதும் அதுதான். கோடையிலேயே உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கியைக் குழியில் புதைத்து வைப்பார்கள். சாண வறட்டியைக் கூரை மேல் அடுக்குவார்கள். குளிர்காலத்தில் வீடு முழுக்கச் சூடாக்க முடியாது என்று தெரியும், அதனால் அடுப்பு இருக்கிற ஒரே அறையில் குடும்பமே வாழும்.

திம்மையா 1964-ல் ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைவராக சைப்ரஸ் போனார். அங்கேயே 1965 டிசம்பர் 18-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். வயது 59. மறு வருஷம் சைப்ரஸ் அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. மடிக்கேரியில் அவர் வாழ்ந்த 'சன்னி சைடு' வீடு 2021-லிருந்து மியூசியமாக இருக்கிறது. ஊட்டி, கூர்க் என்று டூர் பிளான் போடும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இன்றைக்கு சோஜிலாவுக்கு அடியில் சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கப்பாதை தோண்டுகிறார்கள். திராஸில் குளம் உறைந்ததும் பசங்க ஸ்டிக்கோடு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் ஐஸ் ஹாக்கி பரவியதில் ராணுவத்துக்கும் பங்கு உண்டு. பழைய ராணுவ பூட்ஸுக்கு அடியில் பிளேடு பொருத்தித்தான் முதலில் ஆடினார்கள் என்று சொல்வார்கள்.

தளபதிக்கு மியூசியம் இருக்கிறது. ரோடு போட்ட தம்பிகளில் நமக்குக் கிடைப்பது தங்கராஜு என்ற ஒரு பெயர்தான். உங்க ஊர்ல, உங்க தாத்தா காலத்துல யாராவது சாப்பர்ஸில் இருந்தாங்களான்னு வீட்டுல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க.